காவல் வீரனும் சித்தத் தெளிவும்

முகமூடி தரித்து இரவிலே தெருத்தெருவாய்த் திரிந்து, எவரும் ஏவாதிருக்கவும் ஊர்க்காவலைத் தன் தலைமேற் சுமந்து, கள்வரைத் தேடிப் புடைக்கும் ஒருவனை வீரன் என்பதா, சித்தம் பேதலித்தவன் என்பதா? ஐக்கிய அமெரிக்காவிலே 1938 இல் சுப்பர்மன்னும் 1939 இல் பற்மன்னும் தோன்றிய பின்னர் நெடுங்காலம் அந்நாட்டுச் சித்திரக் கதைகள் இவ்வினாவை நேர்நின்று எழுப்பவில்லை. 1954 இல் உளநோய் மருத்துவர் பிரெட்றிக் வேர்தாம் இக்கதைகள் இளைஞரைக் கெடுக்கின்றன என்று நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே பதிப்பாளர் தமக்குத் தாமே ஒரு தணிக்கைக் கோவையை வகுத்தனர். ஐயம் பெரிதும் வாசகரின் உளத்தைப் பற்றியதாயிற்று. வீரனது உளம் சோதனைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

பிராங்க் மில்லர் 1986 இல் இயற்றிய 'டார்க் நைற் றிற்றேண்ஸ்' என்னும் நூலிலே, பத்தாண்டு ஓய்ந்திருந்த பற்மன் ஐம்பத்தைந்தாம் வயதில் மீண்டும் வேடம் புனைகின்றான். குற்றவாளிகள் அவனது நோயின் பிள்ளைகளே என்று ஒரு மருத்துவர் தொலைக்காட்சியில் வாதிடுகின்றார். மில்லரோ அம்மருத்துவரை மூடராக்கி, அவர் பரிந்து பேசிய நோயாளியின் கையாலேயே கொல்விக்கின்றார். எதிர்வாதியை மூடனாக்கி வெல்வது வாதமாகாது. ஆயினும் காட்சியொன்று ஆசிரியரையும் மீறி நிற்கின்றது. சித்தவைத்தியசாலையில் வாய்பேசாது கிடந்த ஜோக்கர், பற்மன் மீண்ட செய்தியைக் கண்டதும் மெல்லப் புன்னகைக்கின்றான். மருத்துவர் சொல்லிற் பிழை இருக்கலாம். அப்புன்னகைக்கு மில்லரிடம் மறுமொழி இல்லை.

அலன் மூர் எழுதிப் பிறயன் போலண்ட் வரைந்த 'கில்லிங் ஜோக்' (1988) வேறொரு வழியிற் செல்கின்றது. ஒருநாட் கொடுந்துயர் எவனையும் பித்தனாக்கும் என்பது ஜோக்கரின் கட்சி. அதை நிறுவப் பொலிஸ் ஆணையாளர் கோர்டனை அவன் வதைக்கின்றான். அவரோ தெளிவு குன்றாது, சட்டப்படியே அவனைப் பிடிக்கவேண்டும் என்கிறார். சோதனை தோற்றது. ஆனால் அச்சோதனைக்காகச் சுடப்பட்டு நடக்கமாட்டாதவளானவள் அவர் மகள் பார்பரா. அவள் சித்தம் என்னாயிற்று என்று நூல் வினவவே இல்லை. ஆண்மக்கள் மூவரது தெளிவை அளக்க ஒரு பெண்ணை அளவுகோலாக்கிய இக்குறையை மூரே பின்னாளில் உணர்ந்து வருந்தினார்.

கிராண்ட் மொறிசனும் டேவ் மக்கீனும் ஆக்கிய 'ஆர்க்கம் அசைலம்' (1989) குறியீடுகளின் பாரத்தாற் பெரிதும் மூச்சுத்திணறுவது. அதில் நினைவில் நிற்கும் பகுதி, நாணயத்தைச் சுண்டியே எதனையும் முடிவுசெய்யும் 'இருமுகன்' நிலையாகும். மருத்துவர் நாணயத்தைப் பறித்துச் சூதாட்டக் காயையும், பின்னர் 78 சீட்டுக்கொண்ட கட்டையும் கொடுத்தனர். இரண்டாயிருந்த வழி ஆறாகி எழுபத்தெட்டாகவும், அவன் மலசலங் கழிக்கச் செல்வதற்கும் துணியமாட்டாதவனானான்.

இவ்வகையில் தலைசிறந்தது மூரும் டேவ் கிப்பன்சும் 1986, 1987 ஆம் ஆண்டுகளில் 12 பகுதிகளாக வெளியிட்ட 'வாச்மென்' ஆகும். அதன் ஆறாம் பகுதியிற் சிறைப்பட்ட வீரன் றோர்ஷாக்கை மல்கம் லோங் என்னும் மருத்துவர் சோதிக்கின்றார். 1921 இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் ஹேர்மன் றோர்ஷாக் வெளியிட்ட மைக்கறைப் படங்கள் பத்து. வீரன் பூண்ட பெயரும் அவருடையதே, அவன் முகமூடியில் அசைவனவும் அத்தகைய கறைகளே. கறையில் வண்ணத்துப்பூச்சியைக் காண்பதாக அவன் கூற, மருத்துவர் மகிழ்ந்து குறிப்பெழுதுகிறார். அவன் உண்மையிற் கண்டதோ பிளவுண்ட நாய்த்தலை. 1975 இல் ஆறு வயதுச் சிறுமியொருத்தியைக் கடத்திக் கொன்றவன் அவள் உடலை நாய்களுக்கு இட்டதைக் கண்ட இரவிலேதான் மனிதன் ஒழிந்து முகமூடி எஞ்சியது. அதனைக் கண்டும் முன்போலவே இருப்பவனையா தெளிந்தவன் என்பது? நூல் விடை கூறவில்லை. விரலை ஒடித்து விடைபெறும் இவனது கொடுமையையும் அது மறைக்கவில்லை. வாசகர் பலர் இவனையே போற்றியமை மூரை வியப்பிலாழ்த்தியதாம், வியப்பதற்கில்லை. இறுதியிற் போரைத் தடுக்கவென்று நியூயோர்க்கில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட, தெளிந்த தோழர் அப்பொய்யை மறைக்க உடன்படுகின்றனர். மறுத்து உயிர்விடுபவன் இவன் ஒருவனே.

எனினும் நூலின் ஆழம் மருத்துவரிடத்திலேயே உள்ளது. அப்பகுதி பெரும்பாலும் அவருடைய குறிப்பேடாகவே நடக்கின்றது. நோயாளியைக் குணமாக்கிப் புகழ்பெறலாமென்று தொடங்கியவர், வரவர உறக்கமிழந்து, மனைவியோடு பிணங்கி, கடைசியிற் கறையிற் செத்த பூனையைக் காண்கின்றார். பின் அதுவுமின்றிப் பொருளற்ற கருமையை மட்டும் காண்கின்றார். பதினோராம் பகுதியில் தெருவிலே ஒரு கைகலப்பு. தலையிடின் உறவே முறியும் என்று மனைவி எச்சரிக்கவும், முகமூடியேதுமின்றி, எவரும் ஏவாமலே, மல்கம் லோங் அதனை விலக்கச் செல்கின்றார்.