வோல் எலியின் கற்பு: ஆக்சிடோசின் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் அறிவியல் எழுதுபவர்கள் கையில் ஒரு எலி வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும், வால் குட்டையான ஒரு கொறிவிலங்கு. ஆங்கிலத்தில் ப்ரெய்ரி வோல் என்பார்கள். ஒரு ஆண், ஒரு பெண், வாழ்நாளெல்லாம் சேர்ந்தே இருக்கும். காரணம் மூளையில் ஆக்சிடோசின், வாசோபிரெசின். மனிதரும் அப்படித்தான் என்று மூன்று வரியில் கதை முடிந்துவிடுகிறது. இதைப் படித்த நண்பர் ஒருவர், "பாத்தீங்களா, கற்புங்கிறது இயற்கையிலேயே இருக்கு. நீங்கதான் பெரியார் அது இதுன்னு பேசிட்டிருக்கீங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

முதலில் ஆய்வு என்ன சொன்னது என்று பார்த்துவிடுவோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லோவல் கெட்ஸ் 1970களில் பொறி வைத்து வோல்களைக் கணக்கெடுத்தபோது, ஒரே ஆணும் பெண்ணும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே பொறியில் விழுந்தன. சூ கார்ட்டர் அந்தக் கேள்வியை ஹார்மோன் பக்கம் கொண்டுபோனார். 1992இல் தாமஸ் இன்சலும் லாரன்ஸ் ஷப்பிரோவும் இந்த வோலை, ஜோடி சேராத மலை வோலோடு ஒப்பிட்டார்கள். ஆக்சிடோசின் இரண்டிலும் உண்டு. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் எங்கே இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. சுகம், வெகுமதி இவற்றோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் பகுதியில், புல்வெளி வோலுக்கு அவை அடர்த்தி. மலை வோலுக்குச் சொற்பம். நுட்பமான கண்டுபிடிப்பு இது. 'காதல் ஹார்மோன்' என்கிற பெயர் இந்த நுட்பத்தைத்தான் முதலில் அழிக்கிறது. சுரப்பைப் பற்றிய பேச்சாக அதை மாற்றிவிடுகிறது.

அடுத்தது, 'பிணைப்பு' அளக்கப்பட்ட விதம். மூன்று அறை கொண்ட ஒரு பெட்டி. ஒரு அறையில் பழகிய துணை, இன்னொன்றில் அந்நிய எலி; இரண்டையும் கழுத்தில் கட்டிப்போட்டிருப்பார்கள். சோதிக்கப்படும் எலி மட்டும் அவிழ்த்து விடப்பட்டுத் திரியும். மூன்று மணி நேரத்தில் யாரோடு எத்தனை நிமிடம் ஒட்டி உட்கார்ந்தது என்று எண்ணுவார்கள். துணையோடு உட்கார்ந்த நேரம் இரண்டு மடங்கு இருந்தால் 'துணை விருப்பம்' என்று குறிப்பார்கள். அவ்வளவுதான். ஆய்வாளர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எழுதுவது துணை விருப்பம். அது பத்திரிகைக்கு வரும்போது காதல் ஆகிறது. தமிழுக்கு வரும்போது ஒருவனுக்கு ஒருத்தி. டீக்கடைக்கு வரும்போது கற்பு. மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு படியிலும் ஒழுக்கவியல் ஒரு கைப்பிடி கூடுதலாகச் சேர்கிறது.

ஆய்வகத்துக்குள்ளேயும் பாலினக் கட்டமைப்பு இல்லாமலில்லை. 1990களின் தொடக்க ஆய்வுகளில் ஒரு பங்கீடு நடந்தது: பெண்ணுக்கு ஆக்சிடோசின், ஆணுக்கு வாசோபிரெசின். அவள் பேணுவாள், அவன் காவல் காப்பான். 1993இல் வாசோபிரெசினை ஆண் வோலின் துணை விருப்பத்தோடும், ஊடுருவும் எலியை விரட்டிக் கடிப்பதோடும் இணைத்தார்கள். இரண்டு வேதிப்பொருளும் இரண்டு பாலிலும் வேலை செய்யும் என்பதைப் பின்வந்த சோதனைகள் காட்டின. ஆனால் பழைய பங்கீடுதான் இன்றைக்கும் கட்டுரைகளில் உலவுகிறது. வீட்டு வேலைப் பங்கீடு மாதிரி.

2004இல் எமரி பல்கலைக்கழகத்தில், ஜோடி சேராத மெடோ வோல் ஆணின் முன்மூளைக்குள் வாசோபிரெசின் ஏற்பியின் மரபணுவை வைரஸ் வழியாகச் செலுத்தினார்கள். அது துணையோடு ஒட்டி உட்கார ஆரம்பித்தது. 2008இல் ஸ்வீடன் இரட்டையர்களிடம் அதே ஏற்பி மரபணுவின் ஒரு வடிவத்துக்கும், ஆண்கள் சொன்ன மணவாழ்க்கை நெருக்கடிக்கும் தொடர்பு தெரிந்தது. விளைவு சிறியது, தனிமனிதரைக் கணிக்க உதவாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். பத்திரிகைகளுக்கு அது விவாகரத்து மரபணு. அதே 2008இல் அலெக்சாண்டர் ஓஃபிரும் கூட்டாளிகளும் திறந்தவெளி அடைப்புகளில் வோல்களை வாழவிட்டுக் குட்டிகளின் தந்தையரைச் சோதித்தார்கள். ஜோடியாக வாழும் ஆண்களும் வெளியே போய்ப் புணர்ந்திருந்தன; ஜோடியாக வாழும் பெண்களும்தான். சேர்ந்திருத்தலோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் ஏற்பிகள், எந்த ஆண் 'விசுவாசமானது' என்பதைக் கணிக்கவில்லை. கணித்தவை இட நினைவோடு தொடர்புடைய பகுதிகள்! எங்கெங்கே சுற்றியது என்பதுதான் விஷயம் போலிருக்கிறது. இந்த ஆய்வுக்கு யார் தலைப்புச் செய்தி போடுவார்கள்?

நம் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கதை வந்தால் கோட்பாட்டு நண்பர்கள் என்ன செய்கிறோம்? 'உயிரியல் என்பதே அதிகாரச் சொல்லாடல்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்தக் கதையாடலைப் பலமாக அடித்தது நம் கட்டுரை எதுவும் இல்லை, எலிதான். 2023இல் கலிஃபோர்னியாவில் கிரிஸ்பர் முறையில் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத வோல்களை உருவாக்கினார்கள். ஏற்பியை மருந்தால் அடைத்தால் பிணைப்பு உண்டாகாது என்று முன்பு காட்டப்பட்டிருந்தது. எனவே இவை அந்நியரைப்போல் திரியும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அவை வழக்கம்போல் ஜோடி சேர்ந்தன. குட்டி போட்டன, பேணின. பாலூட்டக்கூட முடிந்தது, பால்குடி மறக்கும்வரை பிழைத்த குட்டிகள் குறைவு என்றாலும். பிறவியிலிருந்தே ஏற்பி இல்லாததால் வேறு பாதைகள் ஈடுசெய்திருக்கலாம். வளர்ந்த எலியில் திடீரென அடைப்பது வேறு விஷயம். ஆக, ஆக்சிடோசினுக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒற்றைச் சாவி என்பது இல்லை என்றுதான் அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டியிருந்தது. 'எல்லாம் பிரதி' என்று உட்கார்ந்திருந்தால் நடந்திருக்காது.

இன்னொன்று. ஆக்சிடோசின் நம்மிடம் எலி வழியாக வந்த சரக்கு இல்லை. மாட்டுக்கொட்டகை வழியாகவும் பிரசவ வார்டு வழியாகவும் வந்தது. கன்று செத்துப்போனால் தோலுக்குள் வைக்கோல் அடைத்து மாட்டின் முன் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும், பால் இறங்கும். கன்றின் வாசமும் மடியில் படும் கையும் மூளைக்குப் போக, பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் கலந்து மடியின் நுண்தசைகளை இறுக்குகிறது. (இதை 'முன்னோர் அறிவியல்' என்று யாரும் கொண்டாட வேண்டாம். மாட்டை ஏமாற்றும் வேலை, அவ்வளவுதான்.) தோல்கன்று நின்ற இடத்தில் பிறகு ஊசி வந்தது. அந்த ஊசியைத் தடுக்கிறோம் என்று ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் தனியார் உற்பத்திக்குத் தடை அறிவித்தது. உள்நாட்டுத் தேவைக்குப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று மட்டும் தயாரிக்கலாம் என்றது. பிரசவத்துக்குப் பின் பெண் ரத்தம் கொட்டிச் சாகாமல் காப்பதும் இதே மருந்துதான். அது கிடைக்காமல் போகும் என்று மக்கள்நல மருந்துச் செயல்பாட்டாளர்களும் மருந்து நிறுவனங்களும் வழக்குப் போட்டார்கள். 2018 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லையென்று தடையை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நண்பர் அடுத்த முறை வோல் எலியை எடுத்தால் இந்த வழக்கைத்தான் அவரிடம் சொல்வதாக இருக்கிறேன். கற்பைப் பற்றி அப்புறம் பேசிக்கலாம்.