லீவு யாருக்கு?

பள்ளிக்கூடம் மூடின மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு ஆச்சி ஊருக்கு பஸ் ஏறியவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த இரண்டு பிரெஞ்சுப் படங்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவீர்கள். தமிழில் சொன்னால், 'என் அப்பாவின் பெருமை', 'என் அம்மாவின் கோட்டை'. இரண்டுமே 1990-ல் வந்தவை. இயக்கம் ஈவ் ரொபேர். மார்செல் பன்யோல் என்ற எழுத்தாளர் தன் சின்ன வயசைப் பற்றி 1957-லிருந்து எழுதிய புத்தகங்கள்தான் கதை.

அப்பா மார்சேய் நகரத்தில் ஸ்கூல் வாத்தியார். மார்சேய் துறைமுக ஊர். நம்ம தூத்துக்குடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். லீவு விட்டால் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த வீடு. காடு, வெயில், சில்வண்டு சத்தம், பறவை வேட்டை. அவ்வளவுதான் கதை!

ஆனால், அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு அழகு தெரியுமா? பிடித்த மீனோடு போட்டோ எடுத்துக்கொண்ட சக வாத்தியாரைக் கிண்டலடித்த அப்பா, தான் சுட்ட இரண்டு பறவைகளோடு அதே மாதிரி போஸ் கொடுத்து நிற்பார். மகனுக்கு அன்றுதான் புரிகிறது, அப்பாவும் ஒரு சாதாரண மனுஷன் என்று. அதனாலேயே அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போகிறது. இரண்டாவது படத்தில், மூட்டை முடிச்சோடு நடக்கிற தூரத்தைக் குறைக்க, பணக்காரர்களின் தோட்டங்கள் வழியே கால்வாய்க் கரையில் திருட்டுத்தனமாகப் போகிறது குடும்பம். காவல்காரனை நினைத்து அம்மா நடுங்குகிற நடுக்கம் நம் வயிற்றுக்குள்ளும் வரும். கேமரா மட்டும் கொஞ்சம் ஓவர். எந்நேரமும் தேனில் முக்கி எடுத்த வெளிச்சம். அந்த ஊரில் மழைகூட அழகாகத்தான் பெய்யும்போல!

என் மனசில் நின்றவன் மார்செல் இல்லை. லிலி என்ற மலைக்கிராமத்துப் பையன். மார்செலுக்குக் கண்ணி வைக்கவும் ஊற்று கண்டுபிடிக்கவும் சொல்லிக்கொடுப்பவன். அவன் எழுதும் கடிதத்தில் எழுத்துப் பிழைகள் கொட்டிக்கிடக்கும். நண்பன் கூச்சப்படக்கூடாது என்று மார்செலும் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் எழுதுவதாகப் புத்தகத்தில் வரும். அருமையான இடம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். லீவு முடிந்ததும் மார்செல் நகரத்துக்குப் போய்விடுவான். லிலி? அவனுக்கு ஏது லீவு? மார்செலின் விளையாட்டு மைதானம்தான் அவனுடைய வேலை செய்யும் இடம். கடைசியில், முதல் உலகப்போரில் அவன் செத்துப்போனதைக் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட்டுப் படம் நகர்ந்துவிடும்.

லிலி கேமராவைக் கையில் எடுத்தால் எப்படியிருக்கும்?

நம்மிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. மாரி செல்வராஜின் 'வாழை', 2024 ஆகஸ்டில் வந்தது. தூத்துக்குடி மாவட்டம், புளியங்குளம். தொண்ணூறுகளின் கடைசி. இதுவும் இயக்குநரின் சொந்தச் சின்ன வயசுக் கதைதான். இதிலும் துள்ளல் இருக்கிறது. ஒருத்தன் ரஜினி, இன்னொருத்தன் கமல் என்று இரண்டு பையன்களும் அடித்துக்கொள்கிற காட்சிகளில் தியேட்டரே சிரித்தது. ஆனால், லீவு என்ற வார்த்தையே இங்கே தலைகீழ். சனி, ஞாயிறு வந்தால் சிவனைந்தான் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். கழுத்து நோக, சேறு வழுக்க, தலையில் தாரோடு வயலிலிருந்து லாரிக்கு. அதனால் அவனுக்கு ஸ்கூல்தான் லீவு! திங்கட்கிழமை எப்போது வரும் என்று ஏங்குகிற பையனை நீங்கள் வேறெந்த சினிமாவில் பார்த்திருக்கிறீர்கள்?

நமக்கு வாழைத்தோப்பு என்றால் டூயட்டுக்கான இடம். தாமிரபரணிப் பக்கம் காரில் போகிறவர்கள் 'என்னா பச்சை!' என்று ஜன்னலை இறக்கிவிடுவார்கள். இந்தப் படம் பார்த்த பிறகு அந்தப் பச்சைக்கு ஒரு எடை வந்துவிட்டது. அதுதான் இந்தப் படத்தின் சாதனை.

குறை இல்லையா? இருக்கிறது. டீச்சர் மீதான அந்தப் பிள்ளைக் காதல் கொஞ்சம் நீளம். நிகிலா விமலை அத்தனை அழகாகக் காட்டியதில், பிரெஞ்சுக்காரர்களின் தேன் இங்கேயும் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. கடைசியில் நாம் அழுதே ஆக வேண்டும் என்று இசை வேறு தோளைப் பிடித்து உலுக்குகிறது. உலுக்காமலே அழுதிருப்போம்.

காமர்ஸ் படித்த எனக்கு உறைத்தது வேறு விஷயம். கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கொடுக்கிறார்கள். அந்தச் செலவை எங்கே ஈடுகட்டுவது? ஆட்களுக்குத் தனி வண்டி வேண்டாம், தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து வரட்டும். வரவு-செலவு நேராகிவிட்டது. லாரி கவிழ்ந்தது. நிஜத்திலும் அந்தப் பக்கம் நடந்த விபத்துதான் இது. ஊரே சாவு வீடாகிக் கிடக்கும்போது, காலையிலிருந்து சாப்பிடாத அந்தப் பையனுக்குப் பசிக்கிறது பாருங்கள்... என்னால் அதற்கு மேல் எழுத முடியவில்லை. தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.

அதற்காக பிரெஞ்சுப் படங்கள் பொய் என்று சொல்ல மாட்டேன். மார்செலின் சந்தோஷமும் நிஜம்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் தேரிக்காட்டுச் செம்மண்ணில் புரண்டதும், நுங்கு வண்டி உருட்டியதும் நிஜம்தான். நுங்கை வெட்டிப் போட்டது யார் என்று மட்டும் நாம் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

இதே மாவட்டத்தில் இன்னொரு லீவுக் கதையும் இருக்கிறது. அதையும் யாராவது படமாக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோடை லீவும் அதே சமயம்தான் வரும். வருஷம் பூராவும் கடலில் கிடக்கிற அப்பா பகலில் வீட்டில் இருப்பார். பிள்ளைக்கு அது கொண்டாட்டம். அம்மாவுக்கு அடகுக்கடைக் கவலை. அப்பா கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்தபடி, முத்துக்குளித்த காலத்து தாத்தாவின் கதைகளைச் சொல்வார். ஒரே வீட்டில் மார்செலும் லிலியும்!

தயாரிப்பாளர்கள் யாராவது படிக்கிறீர்களா? கடலுக்கு செட் போட வேண்டியதில்லை. தடைக்காலம் என்பதால் படகுகளும் கரையிலேயேதான் நிற்கும்.