அடி வகுப்பும் ஒடுக்கமும்

ஒலுவிற் கரையை அடையும் கலங்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. கரைவலைத் தோணிக்கு வேண்டுவது இழுத்தேற்றுவதற்குச் சிறிது மணற்பரப்பு மட்டுமே. இயந்திரப் படகுக்குக் கட்டுமிடம் வேண்டும். பலநாட் கலத்துக்கோ கட்டுமிடத்தோடு ஐஸ், நன்னீர், எரிபொருள் ஆகியவற்றுக்கும் ஏற்பாடு வேண்டும். வரும்போது இவ்வாறு வேறுபடும் கலங்கள் நீங்கும்போது ஒன்றாகின்றன. பற்றிக்கொண்ட இடத்தை விட்டு நீங்குக என்பதே அப்பொழுது அனைத்துக்கும் உரிய ஒரே கடமை. தொடக்கம் பலவாகவும் முடிவு ஒன்றாகவும் அமையும் இவ்வியல்பு, கணினிச் செய்நிரலாக்கத்தில் நெடுநாள் ஆராயப்பட்ட ஒரு வினாவுக்கு விளக்கமாகின்றது. 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிலைபெற்ற பின்னர், அவ்வினாவைக் கற்கும் மாணாக்கர் இக்கரையிலேயே உளராதலின், எடுத்துக்காட்டை வேறிடந் தேடிச் செல்லவேண்டுவதில்லை.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தில் வகுப்பு என்பது அச்சு. அவ்வச்சில் வார்க்கப்படுவது பொருள். பொருள் பிறக்குங்கால் இயங்கும் பகுதியை ஆக்கி என்றும், இறக்குங்கால் இயங்குவதை அழிப்பி என்றும் தமிழில் வழங்குவர். எல்லா வகுப்புக்களுக்கும் தாயாக ஓர் அடி வகுப்பினை அமைத்து, பிறப்பு இறப்பு இரண்டையும் அதன் பொறுப்பில் ஒப்படைத்தல் நன்று என்பது ஒருசார் அறிஞர் கொள்கை. கேட்பதற்கு இஃது ஒழுங்குடையதாகவே தோன்றும். ஆயினும் இக்கொள்கை பாதி மட்டுமே பொருந்துவது. இறப்பினை அடி வகுப்பின்பால் ஒப்படைக்கலாம். பிறப்பினை ஒப்படைத்தல் அரிது.

முதலிற் பிறப்பை நோக்குவோம். நோர்வே நாட்டு அறிஞராகிய டாலும் நைகார்டும் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியிலேயே, முன்னிற்கும் வகுப்பின் செயல்கள் முதலில் நிகழ, வழி வகுப்பின் செயல்கள் அதன்பின் நிகழும் முறை அமைந்திருந்தது. அம்மொழியிற் பழகிய டென்மார்க் நாட்டு ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய முயற்சி, 1985இல் சி பிளஸ் பிளஸ் என்னும் பெயருடன் வெளியுலகுக்கு வந்தது. அம்மொழியிலும் அடி முன்னும் வழி பின்னுமாகவே ஆக்கிகள் இயங்கும். தாய் உருவான பின்னரே சேய் உருவாகும் என்க. ஆனால் அடி வகுப்பு வழி வகுப்பின் தேவைகளை முன்கூட்டி அறியாது. தோணிக்கும் பலநாட் கலத்துக்கும் வேண்டுவன வேறாகலின், இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஆக்கியை விதித்தால் அது ஒன்றுமே கேளாத வெற்று ஆக்கியாகவோ, எல்லாவற்றையும் கேட்கும் பெருஞ்சுமையாகவோ முடியும். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஆக்கி மெய்நிகர் ஆகாதென விதித்தமைக்குக் காரணமும் இதனோடு ஒட்டியதே. இன்ன வகையினதென்று அறியாத பொருளை எவ்வாறு படைப்பது?

இதில் நுண்ணியதோர் இடருமுண்டு. அடி வகுப்பின் ஆக்கி இயங்கும்பொழுது மெய்நிகர்ச் செயல் ஒன்றை அழைத்தால் விளைவது யாது? சி பிளஸ் பிளஸ் மொழியில் அடி வகுப்பின் செயலே நிகழும். சேய் இன்னும் பிறவாமையின் அதனை அம்மொழி அழையாது. ஜாவா மொழியிலோ பிறவாத சேயின் செயல் அழைக்கப்பட்டு, மதிப்பூட்டப்படாத உறுப்புக்களைத் தீண்டும். முன்னது எச்சரிக்கையுடையது; பின்னது துணிச்சலுடையது. படைப்பினை அடி வகுப்பே முன்னின்று நடாத்த விழைவோர் இவ்விடரிலேயே பெரும்பாலும் இடறுவர்.

இறப்பின் இயல்பு வேறு. அழிப்பி எதனையும் கேளாது. அதற்கு உள்ளீடு இல்லை. வழி முன்னும் அடி பின்னுமாக, பிறந்த வரிசைக்கு நேர்மாறாக அது இயங்கும். துறைமுகப் பதிவேடு ஒன்றைச் செய்நிரலாக எழுதுவதாகக் கொள்க. கலம் என்பது அடி வகுப்பு. பலநாட் கலம் அதன் வழி வகுப்பு. கலம் துறை புகும்போது பொருள் ஆக்கப்பட்டுக் கட்டுமிடம் ஒன்றைப் பற்றும். நீங்கும்போது பொருள் அழிக்கப்பட்டு அவ்விடத்தை விடும். பதிவேடோ எல்லாவற்றையும் 'கலம்' என்னும் சுட்டியாலேயே பிடித்திருக்கும். அச்சுட்டியின் வழியாகப் பொருளை அழிக்குமிடத்து, அடி வகுப்பின் அழிப்பி மெய்நிகராக இல்லையெனின் விளைவு இன்னதென மொழித்தரம் வரையறுக்கவில்லை. நடைமுறையில் அடி வகுப்பின் அழிப்பி மட்டுமே இயங்கிவிட்டு, வழி வகுப்பினுடையது வாளா கிடத்தலே பெரும்பாலும் நிகழ்வது. பெயர் அழியும், பற்றிய இடம் மீளாது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தபோது, உள்ளே நீர்ப்பரப்பு இருந்தும் கலங்கள் புகமாட்டாது நின்றமையை அறிந்தோர்க்கு இவ்வகை இழப்பு புதிதன்று.

ஆகவே அடி வகுப்பினை மதிப்பிடும் அளவுகோல், அது தன் சேய்களை எவ்வாறு பிறப்பிக்கின்றது என்பதன்று. எவ்வாறு ஒடுக்குகின்றது என்பதே. சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இம்முடிவு வியப்பளியாது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே, உலகம் எதன்கண் ஒடுங்கிற்றோ அதினின்றே மீளத் தோன்றுமெனக் காட்டி, ஒடுக்கும் கடவுளையே முதற்பொருளென நிறுவினார். கணினி மொழிக்குச் சமயக் கருத்தை ஏற்றுதல் இங்கு நோக்கமன்று. ஆனால் 'அழிப்பி' என்னும் கலைச்சொல்லின் குறையை இவ்வொப்புமை புலப்படுத்துகின்றது. அப்பகுதி பொருளை நொறுக்குவதில்லை. பற்றியவற்றை விடுவித்து ஒடுங்கச் செய்கின்றது. 'ஒடுக்கி' என்றிருப்பின் மாணாக்கர் அதன் கடமையைப் பெயராலேயே உணர்ந்திருப்பர்.

இக்கருத்துக்கு மறுப்புக்கள் இல்லாமலில்லை. மெய்நிகர்ச் செயல் ஒன்றேனும் உடைய வகுப்பின் பொருள்தோறும் மறைசுட்டி ஒன்று சேரும். 64 பிட் கணினியில் அது வழக்கமாக 8 பைட் இடம் கொள்ளும். பயன்படுத்தாததற்கு விலை கொடாமை என்னும் நெறியினரான ஸ்ட்ரூஸ்ட்ரப் அதனை எல்லா வகுப்புக்களின்மேலும் திணியாமைக்குக் காரணம் இதுவே. அடி வகுப்பின் அழிப்பியைப் பொதுவாகவும் மெய்நிகராகவும் வைத்தல், அன்றேல் புறத்தார் அழைக்கவியலாதவாறு காத்து வைத்தல் என்னும் இருவழி நெறி பின்னர் வழக்காயிற்று. 2011ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்ற பகிர்சுட்டியோ, பொருளின் உண்மை வகையைத் தான் ஆக்கப்படும்போதே நினைவிற் கொண்டு முறையாக அழிக்கும். எனினும் அதே தரத்தின் தனிச்சுட்டி இயல்பான நிலையில் அவ்வாறு செய்யாது என்பதை மறந்தோர் பலர்.

வேறொரு மறுப்பு வலியுடையது. ஜாவா தன் மூல வகுப்பிலேயே இறுதிச் செயல் ஒன்றை வைத்தும் தோல்வியுற்றதன்றோ? உண்மை. அச்செயல் எப்போது நிகழும், நிகழுமா என்பதே உறுதியில்லை. குப்பை திரட்டியின் விருப்பத்தை அது சார்ந்தது. 2017இல் வெளிவந்த 9ஆம் பதிப்பு அதனைத் தவிர்க்குமாறு கூறிற்று. 2022இல் வெளிவந்த 18ஆம் பதிப்பு நீக்கத்துக்குரியதென அறிவித்தது. ஆனால் அதற்கு மாற்றாக 2011இலேயே 7ஆம் பதிப்பு தந்தது யாது? உள்ளீடு எதுவுமற்ற, மூடுதல் என்னும் ஒரே செயலைக் கொண்ட பொது இடைமுகம். பிழை ஒடுக்கத்தைப் பொதுவாக்கியதில் இல்லை. காலம் குறியாது விட்டதிலேயே உள்ளது. 1995இல் வெளிவந்த டெல்பையின் மூல வகுப்போ, ஆக்கியை மெய்நிகராக்க அம்மொழி இடந்தந்தும் அதனைச் சாதாரணமாக விட்டு, அழிப்பியை மட்டும் மெய்நிகராக்கிற்று. இக்கட்டுரைப் பொருளுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாடநூல்களே இவ்விடத்துப் பெரிதும் குறையுடையன. விலங்கு, நாய், பூனை என்றும் வடிவம், வட்டம், சதுரம் என்றும் அவை காட்டும் வகுப்புக்கள் எதனையும் பற்றுவதில்லை. பற்றாதவற்றுக்கு விடுவிக்கும் கடமையுமில்லை. அழிப்பியினுள் 'அழிந்தது' என்று ஒரு வரி அச்சிட்டுக் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடும். அதனினும், பத்துக் கட்டுமிடங்களையுடைய துறைக்கு மேற்கூறிய பதிவேட்டை எழுதி, அடி வகுப்பின் அழிப்பியை மெய்நிகராக்காது விட்டு இயக்கிப் பார்க்கட்டும். பத்துக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நீங்கிய பின்னர், துறை முற்றும் வெறிதாயிருக்க, பதினோராவது கலத்துக்கு இடமில்லை என்று பதிவேடு கூறும்.