'ஆடம்பரம்' என்றொரு தீர்ப்புச் சொல்

எமது சிறுகதைகளில் அதிகம் அடிபடும் சொல் எதுவென்று கேட்டால் தயக்கமின்றி 'ஆடம்பரம்' என்பேன். சீதனத்தைப் பற்றிய கதையென்றால் முதலாம், இரண்டாம் பந்திக்குள்ளேயே 'ஆடம்பரமான திருமணம்' வந்துவிடும். அதற்குப் பிறகு வாசகன் எதையும் பார்க்க வேண்டியதில்லை. தீர்ப்பு முதலிலேயே வழங்கப்பட்டுவிட்டது.

இச்சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் இது ஒருவகை முரசின் பெயர். பின்னர் பேரொலி, யானையின் பிளிறல், படையெடுப்பை அறிவிக்கும் எக்காள முழக்கம் என்று பொருள் விரிந்து, செருக்கு என்பதில் வந்து நின்றது. ஆக, இது முதலில் காதுக்குரிய சொல். நாமோ இன்று அதைக் கண்ணுக்கும் காசுக்கும் உரியதாக்கியிருக்கின்றோம்.

பொருள் மாறுவது குற்றமல்ல. ஒரே சொல்லுக்குள் பல விடயங்களை அடைத்துவிடுவதே குற்றம். கலியாண வீட்டில் ரபான் அடித்துப் பாடுவதும் ஆடம்பரம், பெண்கள் குரவையிடுவதும் ஆடம்பரம், மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பெற்றவன் கடன்பட்டு வீடு கட்டிக் கொடுப்பதும் ஆடம்பரம். முதல் இரண்டுக்கும் செலவு எவ்வளவு? மூன்றாவது ஒரு குடும்பத்தின் முதுகை முறிக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் வைத்த எழுத்தாளன், ஏழையின் சந்தோஷத்தையும் வசதியுள்ளவனின் பேராசையையும் ஒன்றாகவே கண்டிக்கிறான்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கட்டுப்பாடுகள் காரணமாக எங்கள் ஊரில் கலியாணங்கள் சில பேருடனேயே முடிந்தன. பந்தலில்லை, சோடனையில்லை, சஹன் வைத்து ஊருக்குச் சோறு போடவுமில்லை. 'ஆடம்பரமற்ற திருமணங்கள்' என்று பலர் மெச்சினர். ஆனால் சீதன வீட்டில் ஒரு கல்லும் குறையவில்லை. வெளிச்சத்தையும் பந்தலையும் மட்டும் திட்டும் கதை எதைத் தவறவிடுகிறது என்பதை அந்த இரண்டு வருடங்களும் காட்டித் தந்தன.

உமறுப்புலவரைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய சீறாப்புராணத்தின் மணம்புரி படலத்தில் மணக்கோலமும் வீதியுலாவும் விரிவாக வருகின்றன. நபிகளாரின் எளிய வாழ்வுக்கு இது பொருந்துமா என்று கேட்போருண்டு. அது தமிழ்க் காப்பிய மரபு. அங்கே அலங்காரம் அன்பின் அளவு. எவரையும் சிறுமைப்படுத்த எழுந்ததல்ல. காட்சியின் பெருமையைக் கண்டவுடன் 'ஆடம்பரம்' என்று சொல்லிவிடும் விமர்சகன், அக்காட்சி எதற்காக நிற்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறான்.

ஊர்ச்சனம் இதில் நம்மைவிடத் தெளிவு. எங்கள் பெண்கள் ஆடம்பரம் என்று பேசி நான் கேட்டதில்லை. அது மேடைச் சொல். அலங்கரித்தால் 'சோடனை' என்பார்கள். அதில் பழியில்லை. பழிக்க வேண்டுமானால் 'ஊருக்குக் காட்டச் செய்றான்' என்பார்கள். தரம் பதினொன்று மாணவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டேன். ஒரு பிள்ளை சொன்னாள்: "சோடனை கண்ணுக்குத் தெரியும் சேர். காட்டச் செய்றது மனசுக்குள்ள இரிக்கி."

அந்தப் பிள்ளை சொன்னதற்கு எமக்கு நன்கு தெரிந்த அறபுச் சொல்லே உண்டு: ரியா. 'பார்த்தல்' என்ற வேரிலிருந்து பிறந்து, பிறர் பார்ப்பதற்காகச் செய்வதைக் குறிப்பது. அல்மாஊன் அத்தியாயம் இக்குறையைச் சுட்டுவது பணக்காரனின் பந்தலில் அல்ல, தொழுகின்றவனிடத்தில். எளிமையான உடையிலும் ரியா இருக்கலாம். பெரிய விருந்தொன்றில் அது இல்லாமலும் இருக்கலாம்.

ஒருவனின் உள்ளத்தை வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மௌலவிக்கும் முடியாது, பக்கத்து வீட்டானுக்கும் முடியாது. ஆனால் கதாசிரியனுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. மகளுக்கு வீடு கட்டும் தகப்பன் ஊருக்குப் பயந்து கட்டுகிறானா, பாசத்தால் கட்டுகிறானா, தன் தங்கைக்குக் கட்டிக் கொடுக்க முடியாத வெட்கத்தில் கட்டுகிறானா? இவற்றை எழுதினால்தான் அது சிறுகதை. 'ஆடம்பரம்' என்று எழுதி நிறுத்தினால் அது குத்பாவின் சுருக்கம். குத்பாவுக்கு மிம்பர் இருக்கிறது.

இளம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கதையில் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நடந்ததை எழுதிப் பாருங்கள். யார் கடன் வாங்கினார், யாரிடம் வாங்கினார், திருப்பிக் கேட்டு வந்தபோது வீட்டில் யார் கதவைத் திறந்தார் என்று எழுதுங்கள். தீர்ப்பை வாசகன் பார்த்துக்கொள்வான்.