அவையோரும் அயலாரும்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றம் நீங்க ஆராயப்பட்டு அரங்கேறியது என்கிறது அதன் சிறப்புப் பாயிரம். இன்றைய விஞ்ஞான இதழ்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். கட்டுரை வந்ததும் அத்துறை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் குற்றம் குறை சொல்ல, திருத்தியபின் அச்சேறுகிறது. இதைச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்போம். அவையில் இடமில்லாத அயலார் ஒருவர் எழுந்து, "கணக்கு தப்பு" என்றால் என்ன செய்வது? புவி வெப்பமாதல் பற்றிய விவாதத்தில் நடந்த ஒரு வழக்கை வைத்து இதனை ஆராய்வோம்.

1998இல் மைக்கேல் மன், பிராட்லி, ஹியூஸ் என்ற மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெப்பமானி இல்லாத காலத்து வெப்பத்தை மர வளையம், பவளம், பனிப்பாளம் ஆகியவற்றைக் கொண்டு கணித்தனர். 1999இல் அதை ஆயிரம் ஆண்டுக்கு நீட்டினர். வரைபடம் நெடுங்காலம் படுத்துக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் சட்டென்று நிமிர்கிறது. ஹாக்கி மட்டை என்று பெயரே வந்துவிட்டது. 2001இல் ஐ.நா. காலநிலைக் குழுவின் மூன்றாம் அறிக்கை அதை முன்வரிசையில் வைத்தது.

கனடாவில் சுரங்கத் தொழிலில் இருந்த ஸ்டீவ் மெக்கின்டயர் இதைக் கண்டு ஐயுற்றார். காலநிலை அவர் துறையன்று. ஆனால் கணிதம் படித்தவர், சுரங்கக் கம்பெனிகள் காட்டும் வரைபடங்களை எப்படிப் பார்ப்பது என்று அறிந்தவர். மூலத் தரவுகளைக் கேட்டு வாங்கி, ராஸ் மெக்கிட்ரிக் என்ற பொருளியல் பேராசிரியருடன் சேர்ந்து 2003லும் 2005லும் மறுப்பு எழுதினார். அவர் காட்டிய முக்கியக் குற்றம் இது: தரவுத் தொடர்களின் சராசரியை முழுக் காலத்துக்கும் எடுக்காமல், 1902 முதல் 1980 வரைக்கு மட்டும் எடுத்திருக்கிறார்கள், அப்படிச் செய்தால் வெறும் இரைச்சலிலிருந்துகூட ஹாக்கி மட்டை வடிவம் கிளம்பும்.

இந்தக் குற்றச்சாட்டு சரியானதே. இதழின் மதிப்பீட்டாளர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் மதிப்பீடு செய்பவர் பொதுவாகக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. முறை பொருந்துகிறதா, முன்னோர் ஆய்வைக் கருதினார்களா, முடிவு சான்றுக்கு மிஞ்சிப் போகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். வியாபாரியான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஐந்தொகையைப் படிப்பது வேறு, ஒவ்வொரு ரசீதையும் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது வேறு.

ஆனால் குற்றம் இருக்கிறது என்பதோடு விமர்சனம் முடியாது. அதைத் திருத்தினால் மொத்தம் எவ்வளவு மாறுகிறது? இதைத்தான் 2006இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் விசாரித்தது. முறை குறையுடையதே, ஆனால் முடிவின் மீது அதன் தாக்கம் சிறிது என்றது. கடந்த 400 ஆண்டுகளில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிதான் மிக வெப்பமானது என்பதில் மிகுந்த உறுதி, ஆயிரம் ஆண்டு என்றால் நம்பத்தக்கது, ஆனால் உறுதி குறைவு, கி.பி. 900க்கு முன் மிகமிகக் குறைவு என்று படிப்படியாகத் தீர்ப்புச் சொன்னது. எதை, எந்த அளவில், எந்த வரம்புக்குள் சொல்கிறோம் என்று பிரித்துச் சொல்லும் இம்முறை, எங்கள் சமண நூல்கள் கூறும் சியாத்வாதத்துக்கு நெருக்கமானது. மறுபக்கத்தில், 15ஆம் நூற்றாண்டு இருபதாம் நூற்றாண்டைவிடச் சூடானது என்று 2003 மறுப்பில் வந்த கணக்கு பிந்தைய சோதனைகளில் நிற்கவில்லை.

2007இலும் மெக்கின்டயர் ஒரு பிழை கண்டார். அமெரிக்க நாட்டு வெப்பப் பதிவில், 2000ஆம் ஆண்டை ஒட்டி இருவேறு தரவுத் தொடர்களைச் சரிக்கட்டாமல் ஒட்டியிருந்தது நாசா நிறுவனம். நாசா ஒப்புக்கொண்டு திருத்தியது. அமெரிக்க அளவு சுமார் 0.15 டிகிரி இறங்கியது. உலகச் சராசரியில் மாற்றம் டிகிரியின் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் "வெப்பமாதலே பொய்" என்று கூவியவர்கள் உண்டு. கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தால் கடையே திவால் என்பதா?

இன்னொரு வழக்கு நம் நாட்டையே பற்றியது. இமயத்துப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகக்கூடும் என்று அதே ஐ.நா. குழுவின் 2007 அறிக்கை எழுதியது. சான்று? ஒரு தொண்டு நிறுவன அறிக்கை. அதற்கு மூலம் 1999இல் ஒரு வார இதழில் வந்த செய்தி. சக ஆய்வாளர் மதிப்பீட்டு வாசலை அது மிதிக்கவேயில்லை. 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் உயர்பதவி வகித்த வி.கே. ரெய்னா வேறு படம் காட்டும் அறிக்கை தந்தபோது, குழுத் தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதை இகழ்ந்தார். 2010 ஜனவரியில் 2035 என்பது தவறு என்று குழுவே ஒப்புக்கொண்டது. பிழையைவிட அந்த இகழ்ச்சிதான் பெருந்தீங்கு செய்தது என்பேன். குற்றம் காட்டியவரை அவமதிக்கும் அவை தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

ஆனால் 2035 பொய்த்தது என்பதால் பனி உருகவில்லை என்றாகாது. 2011–2020இல் இமய–இந்துகுஷ் பகுதிப் பனியாறுகள் அதற்கு முந்திய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாகப் பனியை இழந்தன என்று காத்மாண்டுவிலுள்ள மலைப்பகுதி ஆய்வு மையம் 2023இல் கூறியது. டெல்லிக் குழாயில் கங்கை நீரும் யமுனை நீரும் குடிக்கும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று.

அயலார் எல்லாம் குற்றம் காண்பவர் மட்டுமல்லர். 1938இல் பூமி சூடாகிறது, கரியமில வாயு அதற்கொரு காரணம் என்று கணக்குக் காட்டிய கை கேலண்டர் பிரிட்டனில் ஒரு நீராவிப் பொறியாளர். 147 நிலையங்களின் பதிவுகளைக் கையாலேயே கூட்டிப் பார்த்தார். அன்றைய வானிலை அறிஞர்கள் நம்பவில்லை. காலம் அவர் பக்கம் நின்றது. அமெரிக்காவின் அந்தோணி வாட்ஸ் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். வெப்பமானிகள் தார்ச்சாலை, கட்டடங்களின் பக்கத்தில் இருப்பதால்தான் சூடு கூடித் தெரிகிறது என்று கருதி, தொண்டர்களை விட்டு நிலையங்களைப் படமெடுக்கச் செய்தார். 2011இல் அவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, மோசமான இடத்து நிலையங்களும் நல்ல இடத்து நிலையங்களும் சராசரி வெப்பநிலைப் போக்கில் ஏறக்குறைய ஒன்றுபட்டன. சொந்த எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு அச்சில் ஏறியதே, அங்கேதான் ஆராய்ச்சியின் பெருமை.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் தந்த பவணந்தி முனிவர் ஆசிரியர்கள் கொள்ளும் மதங்களை ஏழாக வகுத்தார். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதலும் அவற்றுள் ஒன்று. இருவர் மாறுபடும்போது ஒருபக்கம் துணிதலும் ஒன்று. அயலார் பலர் முன்னதோடு நின்றுவிடுகிறார்கள். அவையோர் சிலர் முன்னதையே குற்றமாக்குகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு வளரும். அனேகாந்தம் என்பது "எல்லாரும் சரி" என்று தலையாட்டுவதல்ல. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத் துணிவது.

நம் பிள்ளைகளில் ஒரு சாரார், "பெரிய இதழில் வந்தாச்சு, அப்புறம் என்ன பேச்சு?" என்கிறார்கள். இன்னொரு சாரார், "ஒரு தப்பு கண்டுபிடிச்சாச்சு, எல்லாமே ஏமாத்து வேலை" என்கிறார்கள். இருவரிடமும் நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். இந்த எண்ணின் மூலம் எது? பிழையைத் திருத்தினால் மொத்தம் எவ்வளவு மாறும்? முதற்கேள்வியை முன்கூட்டியே கேட்டிருந்தால் 2035 அச்சேறியிராது. இரண்டாவதைக் கேட்டால் ஹாக்கி மட்டை வளைந்தாலும் முறிவதில்லை என்று தெரியும். மதிப்பீடு முடிந்த கட்டுரை தீர்ப்பு அல்ல, விசாரணைக்குத் தகுதி பெற்ற வாக்குமூலம். அதை நம்பலாம், மூலத்தைத் திறந்து காட்டும் வரையில் நம்பலாம்.