ஓர் உலகு, பல நூல்: டோல்கீனின் ஆக்கமுறை பற்றிய ஒரு திறனாய்வு

கதை எழுதப் புகுவோன் ஒரு நூலைத் தொடங்கினால் அதனை முடித்த பின்னரே மற்றொன்றில் கைவைத்தல் வேண்டும் என்பது ஆசிரியர்கள் மாணவர்க்குக் கூறும் அறிவுரை. தொடங்கியதைக் குறையாக விட்டுப் பிறிதொன்றை மேற்கொள்வது மனச்சிதறலின் அடையாளம் என்று கருதப்படுகின்றது. பொதுவாக நோக்குமிடத்து இவ்வறிவுரை தக்கதே. ஆயினும், தானே படைத்த கற்பனை உலகு ஒன்றினை நிலைக்களனாகக் கொண்டு, அதன்கண் நிகழும் பல கதைகளை ஒருங்கே எழுதிச் செல்லும் ஆசிரியனுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. இவ்வினாவுக்கு விடை காண, ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் வாழ்நாட்பணியைவிடச் சிறந்த சான்று காண்டல் அரிது.

டோல்கீன் 1892 முதல் 1973 வரை வாழ்ந்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1959 வரை பேராசிரியராக விளங்கிய மொழியறிஞர். 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்களின் வாயிலாக அவர்தம் மோதிரக் கதையை அறிந்தோர் நம்மிடையேயும் பலர். ஆனால், திரையில் கண்டது அவர் எழுதிக் குவித்தவற்றுள் ஒரு பகுதியே. அதற்கு அடியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முடிவுறாது நின்ற கையெழுத்துப்படிகள் பல இருந்தன.

உலகு தோன்றிய முறை

1916 ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் பணியாற்றிய டோல்கீன், பதுங்குகுழிக் காய்ச்சலுற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். அந்நோய்க் காலத்தையொட்டி அவர் எழுதத் தொடங்கியது கொண்டோலின் என்னும் மறைநகரின் வீழ்ச்சி பற்றிய கதை. அது ‘இழந்த கதைகளின் நூல்’ என விரிந்து, முடிவுறாமலே நின்றது. பின்னர் 1920களில், அக்கதைகளுள் இரண்டினை நெடும்பாட்டாக இயற்ற முற்பட்டார். ஹூரின் மக்களின் அவலக் கதை ஒன்று. பெரன், லூத்தியன் என்போரின் காதற்கதை மற்றொன்று. இவ்விரண்டும் முற்றுப்பெறவில்லை. மீண்டும் உரைநடைக்கே திரும்பி, அவற்றை ஒரு தொடர் வரலாறாக்கினார். அதுவே ‘சில்மரிலியன்’ எனப்பட்டது.

தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என்னும் மூன்றினையும் வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழ்வன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். நம் புலவர்க்கு இம்மூன்றும் மரபு தந்த செல்வம். டோல்கீனுக்கோ அவை தாமே செய்துகொள்ள வேண்டியனவாயின. அவர் முதலிற் புனைந்தவை மொழிகள். அம்மொழிகளைப் பேசுதற்கு மக்களும், அம்மக்கள் வாழ்தற்கு நிலமும், அந்நிலத்திற்கு வரலாறும் தேவைப்பட்டன. இங்ஙனம் உருவான உலகு ஒரு கதைக்குள் அடங்குவதன்று. பல நூல்களைக் கையிற்கொள்ளுதல் அவருக்கு அலைபாயும் மனத்தின் விளைவன்று. உலகு முழுமையாய் இருந்தால் கதைகள் பலவாதல் இயல்பு.

ஒன்றுக்கொன்று உரமாதல்

1937 செப்டம்பரில் ‘தி ஹாபிட்’ என்னும் சிறுவர் கதை வெளிவந்தது. அது தம் மக்களுக்காகப் புனைந்தது. பழைய வரலாற்றிலிருந்து சில பெயர்களை மட்டும் கடன் கொண்டது. நூல் நன்கு விற்பனையாகவே, பதிப்பகத்தார் அதன் தொடர்ச்சியை வேண்டினர். டோல்கீன் அவ்வாண்டு நவம்பரில் சில்மரிலியன் படிகளைக் கொடுத்துப் பார்த்தார். பதிப்பகத்தார் அவற்றை ஏற்கவில்லை. ஹாபிட்டுகளைப் பற்றியே கேட்டனர். ஆகவே, டிசம்பரில் ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் பெருநூல் தொடங்கியது. அக்காலத்தில், கடல்கொண்ட நூமெனோர் தீவினைப் பற்றிய ‘இழந்த வழி’ என்னும் மற்றொரு கதையும் அவரிடம் குறையாகக் கிடந்தது.

இம்மூன்று படிகளும் ஒன்றுக்கொன்று செய்த உதவி கருதத்தக்கது. பெருநூலின் தொடக்கத்தில் ஒரு விடுதியில் மறைந்து அமர்ந்திருக்கும் வழிப்போக்கன் ஒருவன் வருகின்றான். முதற்படியில் அவன் மரக்காலணி அணிந்த ஒரு ஹாபிட். அவன் யாவன் என்பது எழுதிய ஆசிரியருக்கே அப்போது விளங்கவில்லை. எழுதி எழுதித் திருத்தியபோது, அவனே நூமெனோர் அரசர் வழித்தோன்றலாகிய அரகார்ன் ஆனான். கைவிடப்பட்ட கதையிலிருந்து பிறந்த தீவு, முடிக்கப்பட்ட கதையின் அரசனுக்கு மூதாதையரைத் தந்தது!

மற்றொரு சான்று காண்க. பகைவர் நாட்டின் வாயிலில், சாவு நெருங்கிய வேளையில், சாம் என்னும் எளிய தோட்டக்காரன் பெரனின் பழங்கதையை நினைக்கின்றான். அக்கதையிலுள்ள மணியின் ஒளியே தங்கள் கைக்குப்பியிலும் இருப்பதை உணர்ந்து, அப்பழங்கதை இன்னும் முடியவில்லை, தாங்களும் அதனுள் இருக்கின்றோம் என்று அறிகின்றான். படிப்போர் பெரனின் முழுக் கதையையும் அறியார். ஆயினும் அவ்விடத்தில் ஒரு பழமையின் ஆழம் அவர்தம் உள்ளத்தைத் தொடுகின்றது. அவ்வாழம் உத்தியால் வந்ததன்று. அக்கதை உண்மையாகவே வேறொரு படியில் எழுதப்பட்டிருந்தமையால் வந்தது.

மூவகைக் குற்றம்

இனி இம்முறையின் இடர்களை நோக்குதல் வேண்டும். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்கள் இலக்கண நூல் கருதியன எனினும், அவற்றுள் மூன்று ஈண்டு நன்கு பொருந்துகின்றன.

முதலாவது, மாறுகொளக் கூறல். ‘தி ஹாபிட்’ முதற் பதிப்பில், கொல்லம் என்னும் இருட்குகை உயிரி விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புகின்றது. பின்னெழுந்த பெருநூலிலோ அம்மோதிரம் தன்னை உடையோரின் உயிரையே பற்றிக்கொள்வது. அதனை மனமுவந்து கொடுத்தல் ஆகாது. இம்முரணைத் தீர்க்க, டோல்கீன் அவ்வதிகாரத்தைத் திருத்தி எழுதினார். திருத்தம் 1951 பதிப்பில் இடம்பெற்றது. பழைய கதை என்னவாயிற்று? அது பில்போ தன் உரிமையை நிலைநாட்டச் சொன்ன பொய் என்று பெருநூலில் அமைத்தார். நேர்மையுள்ள ஒருவனையும் மோதிரம் பொய்யுரைக்கச் செய்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. குற்றம் குணமாக மாறிய இடம் இது. ஒரே உலகில் பல நூல் எழுதுவோர் கற்க வேண்டிய பாடமும் இதுவே: முரணை அழிப்பதினும் அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் காண்பது சிறப்பு.

இரண்டாவது, மற்றொன்று விரித்தல். பெருநூலை முடித்த பின்னர், டோல்கீன் சில்மரிலியனுக்கு மீண்டார். ஆனால் கதையை நடத்திச் செல்வதினும், மொழி வரலாறு, குலமுறை, காலக்கணக்கு முதலியவற்றை விரிப்பதிலேயே காலம் சென்றது. 1950களின் பிற்பகுதியில் உலகின் அடித்தளத்தையே மாற்ற நினைத்தார். பழைய கதையில் நிலம் தட்டையானது. ஞாயிறும் திங்களும் இரு மரங்களின் கனியும் மலருமாகத் தோன்றியவை. அறிவிற் சிறந்த எல்ஃபுகள் இத்தகைய பிழைபட்ட வானியலை எங்ஙனம் நம்பியிருப்பர் என்னும் ஐயம் அவரை வருத்தியது. மாற்றினால் மரங்களின் ஒளியைக் கருவாகக் கொண்ட மணிகளின் கதையே நிலைகுலையும். மாற்றாவிடின் அவர் மனம் ஒப்பாது. வேலை இடையே நின்றது.

மூன்றாவது, சென்று தேய்ந்திறுதல். பெருநூலின் பின்தொடர்ச்சியாகத் தொடங்கிய ‘புதிய நிழல்’ சில பக்கங்களோடு கைவிடப்பட்டது. 1960 இல் ‘தி ஹாபிட்’ முழுவதையும் பெருநூலின் நடைக்கேற்ப மாற்றி எழுதப் புகுந்து, சில அதிகாரங்களோடு நிறுத்தினார். இவற்றினும் இரங்கத்தக்கது கொண்டோலின் கதை. 1951 அளவில் அதனை முதலிலிருந்து விரிவாக எழுதத் தொடங்கினார். கதைத்தலைவன் தூவோர் நெடுவழி நடந்து, வாயில்கள் பல கடந்து, மறைநகரைக் கண்ணால் காண்கின்றான். அவ்விடத்திலேயே எழுத்து நின்றுவிட்டது. இளமையில் முதன்முதல் எழுதிய கதை முதுமையில் நகர வாயிலைத் தாண்டவில்லை.

முடிந்ததும் முடியாததும்

ஓய்வின்மையே இதற்குக் காரணம் என்பர் சிலர். பாடம் நடத்துதலும் விடைத்தாள் திருத்துதலும் டோல்கீனின் காலத்தை விழுங்கியது மெய்யே. ஆனால் அவர் 1959 இல் ஓய்வு பெற்று, மேலும் பதினான்கு ஆண்டு வாழ்ந்தார். எனவே காரணம் வேறு.

‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ முடிந்தது எவ்வாறு? அதனைக் கேட்போர் இருந்தனர். சி. எஸ். லூயிஸ் முதலிய நண்பர் குழுவில் அதிகாரம் அதிகாரமாக வாசிக்கப்பட்டது. 1944 இல், வான்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்த மகன் கிறிஸ்டஃபருக்கு அதிகாரங்கள் எழுத எழுத அஞ்சலில் சென்றன. பதிப்பகத்தாரும் காத்திருந்தனர். சில்மரிலியனுக்கு இத்தகைய காத்திருப்பு வாய்க்கவில்லை. இரண்டினையும் சேர்த்து வெளியிட வேண்டுமென்று அவர் வேறொரு பதிப்பகத்தையும் நாடினார், அதுவும் கைகூடவில்லை. இறுதியில் பெருநூல் மட்டும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அச்சேறியபின் அது பிற படிகளுக்கு வேலியாயிற்று. அச்சேறிய நூலில் உள்ளதை மறுக்காமல் அச்சேறாததை முடித்தல் வேண்டும் என்னும் கட்டு, எழுதுகோலின் பழைய உரிமையைப் பறித்தது.

இந்நிலையை அவர் அறியாதவரல்லர். 1945 இல் வெளிவந்த ‘நிகிள் வரைந்த இலை’ என்னும் சிறுகதையில், ஓவியன் ஒருவன் ஒரு பெருமரத்தை வரைந்துகொண்டே இருக்கின்றான். தன் பிற படங்களையும் அதன் ஓரங்களில் ஒட்டுகின்றான். மரம் முடிவுறுவதில்லை, உலகில் எஞ்சுவது ஓர் இலையே.

டோல்கீனுக்குப்பின் அம்மரத்தைத் தாங்கியவர் மகன் கிறிஸ்டஃபர். 1977 இல் சில்மரிலியனை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். 1983 முதல் 1996 வரை பன்னிரு தொகுதிகளில் தந்தையாரின் படிகளை வளர்ச்சி முறையில் பதிப்பித்தார். கொண்டோலின் கதையைத் தனி நூலாக 2018 இல் வெளியிட்டு, 2020 இல் மறைந்தார். தந்தையின் வாழ்நாட்பணி மகனின் வாழ்நாளையும் கொண்டது.

ஆதலின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இருதிறத்தது. ஓர் உலகில் பல நூல்களை ஒருங்கே எழுதுதல் குற்றமன்று. முடிக்கப்பெறாத படிகள் இன்றேல் முடிந்த நூலுக்கு ஆழம் இல்லை. ஆயின் பலவற்றுள் ஒன்றையேனும் கேட்போர் முன் வைத்து, அவர்தம் எதிர்பார்ப்புக்குக் கட்டுப்பட்டு முடித்தல் வேண்டும். எழுத விழையும் மாணவனிடம் ஐந்து குறிப்பேடுகள் இருப்பின், நான்கினை எறிந்துவிடுமாறு ஆசிரியர் பணிக்க வேண்டுவதில்லை. ஐந்தாவதை வாரந்தோறும் வகுப்பில் வாசிக்கச் செய்தலே போதும்.