ஞாயிற்றுக்கிழமை எம்.ஏ.

ஓசூர் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளி, 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். 1953-ல் அவர் முதலமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பா செய்கிற தொழிலைக் கற்கலாம். இருக்கிற வாத்தியார்களை வைத்தே இரண்டு ஷிப்ட் ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. 'குலக்கல்வி' என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் வந்ததும் திட்டம் ரத்தானது.

அன்றைய கோபம் சாதியைப் பற்றியது. நியாயமான கோபம். அதற்குள் எனக்கு இன்னொரு கேள்வியும் தெரிகிறது: நேரத்தை மாற்றுகிறீர்கள், சரி, பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? ஆசிரியர்கள் வேலையில் இருந்துகொண்டே படிக்கிற முதுகலைப் படிப்பைப் பார்த்தும் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லும் அண்ணாமலை 1979-லும் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி இல்லாவிட்டால், நம் ஊரில் பாதி டீச்சர்கள் டி.டி.எட்.டோடு நின்றிருப்பார்கள். கைக்குழந்தை, மாமியார், காலை ஆறு மணிக்கு டிபன் என்று ஓடுகிற டீச்சரம்மாவை இரண்டு வருஷம் லீவு போட்டு காலேஜுக்கு வா என்றால் நடக்கிற காரியமா? 2014-ல் ஆசிரியர் கல்விக் கவுன்சில் போட்ட விதிகளில் தொலைநிலை பி.எட்.டுக்கு இடம் உண்டு; எம்.எட்.டுக்கு இல்லை. அதனால் கல்வியியல் எம்.ஏ.தான் வழி. இக்னோவில் அதை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம். முடியாவிட்டால் நான்கு வரை அவகாசம். வேலையும் போகாது, சம்பளமும் போகாது.

சரி, நேரம் வளைந்து கொடுக்கிறது. படிப்பு வளைந்து கொடுக்கிறதா?

தொரப்பள்ளிப் பக்கத்து வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், புத்தகத்தில் தமிழ். சிப்காட் கம்பெனிகளில் வேலை தேடி வந்த வட இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தியோ ஒடியாவோ. 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு படி ஏறி, 2016 பத்தாம் வகுப்புப் பரீட்சையை எட்டியது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்கு கேட்டு கோர்ட்டுப் படி ஏறின. சட்டம் ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். தெலுங்கில் யோசிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை எப்படிச் சொல்லித்தருவது என்பது மட்டும் டீச்சர் தலையில்.

எம்.ஏ. படிப்பு இங்கேதான் கைகொடுக்க வேண்டும். ஆனால் வருகிற அசைன்மென்ட் 'கல்வியின் நோக்கங்களை விவரி' ரகம். தூத்துக்குடியிலும் டேராடூனிலும் இதற்கு ஒரே பதில்தான். அதனால்தான் அந்தப் பதில் ஜெராக்ஸ் கடையில் ரெடியாகக் கிடைக்கிறது. வாங்குகிறவரைத் திட்டி என்ன பயன்? வகுப்பறையை எட்டிப் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய கேள்வியைக் கேட்டவர் யார்? போதாததற்கு, இக்னோவின் இந்த எம்.ஏ. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் பாடம் நடத்துகிறவர் தன் வகுப்பைப் பற்றித் தமிழில் எழுத முடியாது!

வேறு மாதிரியும் செய்யலாம். அதே 2006-ல் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தொடக்கக் கல்விக்கென்றே ஒரு எம்.ஏ. ஆரம்பித்தது. நேர்முக வகுப்புக்கு மும்பை போகவேண்டியிருந்தது. மற்ற மாதங்களில் ஊரில் இருந்தபடி படிக்க முடிந்தது. கிராமப் பள்ளிகளில் வருஷக்கணக்காக வேலை செய்த ஏகலவ்யா போன்ற அமைப்புகள் அதில் கூட்டாளிகளாக இருந்தன. மும்பை தூரம்தான், யோசனை தூரமில்லை.

இன்னொரு விஷயம். முன்பெல்லாம் எம்.ஏ., எம்.எட். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டு. படிக்கிறவர்களில் பலருக்கு அதுதான் இலக்கு, தப்பும் இல்லை. 2020 மார்ச்சில் தமிழக அரசு அதை நிறுத்தியது. சம்பளம் ஏறாது என்று தெரிந்தும் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறார் என்றால், அவருக்கு ஏதோ கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவரிடம் போய் பழைய அசைன்மென்டை நீட்டுவது அவமரியாதை.

பெரிய செலவெல்லாம் வேண்டாம். 'உங்கள் வகுப்பில் வாசிக்கத் திணறும் மூன்று பிள்ளைகள் எந்த இடத்தில் திணறுகிறார்கள்? இரண்டு மாதம் கவனித்துக் குறித்து, நீங்கள் செய்து பார்த்ததையும் எழுதுக. தமிழில் எழுதலாம்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். இதற்கான பதில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்காது. எழுதி முடிப்பதற்குள் அந்த மூன்றில் ஒரு பிள்ளையாவது வாசிக்க ஆரம்பித்திருக்கும்.